மனநல, நரம்பு மாத்திரைகளைத் தவறில்லாமல் எழுதுவது: டெல்டா ஓபியில் புதிதாக உட்காரும் மருத்துவருக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ முதல் வேலையில் சேர்ந்திருக்கும் மருத்துவருக்காக இதை எழுதுகிறேன். நோயாளியோ வீட்டுக்காரரோ படித்தால் ஒன்று மட்டும்: இதைப் பார்த்து எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். இதில் உள்ள கேள்விகளை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள்.

திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வாராந்திர மனநல முகாம்களில் என்னோடு உட்கார்ந்த இளம் மருத்துவர்கள் பலருக்கும் பாடம் நன்றாகவே தெரியும். எந்த நோய்க்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் எல்லாம் சொல்வார்கள். சறுக்குவது வரிசையில்தான். நோய் என்னவென்று தெரிந்ததும் பேனா ஓடிவிடுகிறது. கேட்க வேண்டியதையெல்லாம் மருந்து எழுதிய பிறகு கேட்கிறார்கள், நேரமிருந்தால்.

## 1. முதலில் பையைக் கொட்டச் சொல்லுங்கள்

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை, அது சோறு மாதிரி. மெடிக்கலில் சொல்லி வாங்கிய வலி மாத்திரையும் கணக்கில் வராது. அதனால் வாயால் கேட்டதோடு விடாதீர்கள். பையிலிருப்பதை மேசைமேல் கொட்டச் சொல்லுங்கள்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாயி வந்தார். கை நடுக்கம், முகத்தில் அசைவே இல்லை, அடி எடுத்து வைக்கச் சிரமம். என்னோடு இருந்த தம்பி பார்கின்சன் என்று முடிவு கட்டி, லெவோடோபா எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் மஞ்சப்பையைக் கேட்டேன். மெட்ஃபார்மின், அம்லோடிபின், பாதி தீர்ந்த ஆன்டாசிட். அடியில், ரப்பர் பேண்ட் போட்டு, சின்னரிசின் அட்டை மூன்று. "கிறுகிறுப்புக்குத் தம்பி, ரெண்டு வருஷமா போடுறேன், நல்லா கேக்குது." சின்னரிசின், ஃப்ளுனாரிசின், புரோக்ளோர்பெரசின், மெட்டோக்ளோப்ரமைடு நான்கும் மூளையில் டோபமைனைத் தடுப்பவை. வயதானவர்களுக்கு நீண்ட நாள் கொடுத்தால் பார்கின்சன் மாதிரியே ஆக்கிவிடும். லெவோடோபாவை அடித்துவிட்டுச் சின்னரிசினை நிறுத்தினோம். சில மாதங்களில் அப்பாயி தானாக நடந்து பஸ் ஏறி வந்தார்.

ஒரு மருந்தின் பக்கவிளைவை இன்னொரு நோய் என்று நினைத்து அடுத்த மருந்து எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. புதிய அறிகுறி எதைக் கண்டாலும் "கடைசியாக எந்த மாத்திரை சேர்ந்தது?" என்று முதலில் கேளுங்கள்.

நாட்டு மருந்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும், திட்டாமல். வலிப்புக்கென்று விற்கும் சில பொடிகளில் ஃபினோபார்பிட்டோன் கலந்திருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. "அதையெல்லாம் தூக்கிப் போடு" என்று ஒரே நாளில் நிறுத்த வைத்தால் அடுத்தடுத்து வலிப்பு வந்து ஆள் ஐசியுவில் கிடப்பார்.

## 2. பேனாவைத் தொடுமுன் ஐந்து கேள்விகள்

குழந்தை பிறக்கும் வயதா? 12 வயதுப் பெண்ணிலிருந்து இந்தக் கேள்வி உண்டு. அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. எடை பார்க்கிற சாக்கில் நர்ஸம்மாவோடு உள்ளே அனுப்பித் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கடைசி மாதவிலக்குத் தேதியைச் சீட்டில் எழுதுங்கள்.

குடி, பீடி? எவ்வளவு என்பதோடு, கடைசியாக எப்போது என்றும் கேளுங்கள். நேற்று நிறுத்தியவருக்கு இன்று வந்த வலிப்பு, குடி நிறுத்தியதால் வந்ததாக இருக்கலாம். அதற்கு ஆயுளுக்கும் ஃபெனிடாயின் தேவையில்லை.

எப்போதாவது தலைகீழாக இருந்ததுண்டா? மனச்சோர்வு என்று வருபவரிடம், தூக்கமே இல்லாமல் நாலைந்து நாள் அளவுமீறிய உற்சாகம், கைப்பணத்தையெல்லாம் வாரி விட்டது, ஓயாத பேச்சு இருந்ததா என்று வீட்டாரிடம் கேளுங்கள். இருந்திருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அவருக்கு எஸ்சிட்டாலோப்ராம் மட்டும் கொடுத்தால் மேனியாவில் கொண்டுபோய் விடக்கூடும்.

சிறுநீரகம், கல்லீரல், இதயம், கண் அழுத்தம், மூத்திரத் தடை? கடைசி இரண்டை எல்லோரும் மறக்கிறார்கள். புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்கு அமிட்ரிப்டிலின் எழுதினால், ராத்திரி மூத்திரம் அடைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருவார்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்று பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் ஆகாது. பலர் "யாராவது கேப்பாங்களான்னு இருந்தேன்" என்று அழுதுவிடுவார்கள். இங்கே கூட ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: பூச்சி மருந்து வீட்டில் எங்கே இருக்கிறது? டெல்டாவில் பெரும்பாலான வீடுகளில் அது நெல் மூட்டைக்குப் பக்கத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

## 3. இன்றைய கணக்கு இல்லாமல் நாளைய கணக்கு இல்லை

மாத்திரை ஆரம்பிக்கும் நாளில் எடை, இடுப்புச் சுற்றளவு, நாடி, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை. இவை எந்தச் சின்ன நிலையத்திலும் முடியும். மனநோய்க்கு ஓலான்சபின் கொடுத்து மூன்று மாதம் கழித்து 8 கிலோ ஏறியிருந்தால், ஆரம்ப எடை எழுதப்படாத சீட்டில் அது யாருக்கும் தெரியாது. எடையும் சர்க்கரையும் மூன்றாம் மாதம் ஒரு முறை, அப்புறம் குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை.

மற்றவை மருந்தைப் பொறுத்து. இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டுக்குக் கல்லீரல் பரிசோதனையும் தட்டணு எண்ணிக்கையும். கார்பமசபினுக்குச் சோடியம். ஹாலோபெரிடால், சிட்டாலோப்ராம் போன்றவற்றை வயதானவருக்கோ இதய நோயாளிக்கோ எழுதுவதானால் ஈசிஜி. மறதி நோய்க்கு டோனபெசில் எழுதுமுன் நாடியை விரல் வைத்து எண்ணுங்கள். ஏற்கெனவே 50-இல் ஓடும் நாடியை அது இன்னும் இறக்கும்.

## 4. ஒரு மருந்து, சின்ன அளவு

"நரம்புத் தளர்ச்சி டாக்டர்" என்று வருபவருக்கு ஒரு பி காம்ப்ளெக்ஸ், ஓர் அல்ப்ரசோலம், ஓர் அமிட்ரிப்டிலின், வாயுவுக்கு ஒன்று என நான்கு எழுதி அனுப்புவது நம் ஊர்ப் பழக்கம். இரண்டு வாரம் கழித்து வந்து "தலை சுத்துது" என்றால் நான்கில் எதை நிறுத்துவீர்கள்?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஆரம்பியுங்கள். எஸ்சிட்டாலோப்ராம் என்றால் ஒரு வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10. முதியவர்களுக்குப் பொதுவாக 10-இலேயே நில்லுங்கள். ஒற்றைத் தலைவலிக்கு அமிட்ரிப்டிலின் என்றால் இரவில் 10-இல் ஆரம்பித்தால் போதும், மனச்சோர்வுக்குரிய அளவு அங்கே தேவையில்லை. ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து கலந்து வருபவற்றைத் தவிர்க்கிறேன். ஒன்றைக் குறைக்க வேண்டியிருக்கும்போது இன்னொன்றும் கூடவே குறைந்துவிடும்.

அல்ப்ரசோலம், குளோனசபம், டயசபம் பற்றி நான் கொஞ்சம் கடுமையானவன். இரண்டு வாரம், மிஞ்சினால் நான்கு. முடியும் தேதியை ஆரம்பிக்கும் நாளிலேயே சீட்டில் எழுதிவிடுவேன். அப்படி எழுதாத சீட்டை நோயாளி ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்து வாங்குவார். இவை மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை என்பது சட்டம். நடைமுறை எப்படி என்று உங்களுக்கே தெரியும். குடிப்பவருக்கும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவருக்கும், தடுக்கி விழும் வயதுக்காரருக்கும் ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

மறதி நோய் வந்த முதியவர் ராத்திரியில் கத்துகிறார் என்று ரிஸ்பெரிடோன் கேட்டு வருவார்கள். அந்த வயதில், அந்த நோயில், இந்த வகை மருந்துகள் பக்கவாதத்தையும் இறப்பையும் கூட்டுகின்றன. மூத்திரக் கிருமித் தொற்று, மலச்சிக்கல், வலி மூன்றையும் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. கொடுத்தாலும் கால் மில்லிகிராம், அரை மில்லிகிராம், அதுவும் சில வாரங்களுக்குத்தான்.

## 5. சீட்டை எழுதும் விதம்

குளோனசபம், குளோபசாம், குளோசபின். மூன்றையும் வேகமாகக் கையால் எழுதிப் பாருங்கள். ஒன்று பதற்றத்துக்கும் வலிப்புக்கும், ஒன்று வலிப்புக்கு, ஒன்று ரத்த வெள்ளணுவையே இறக்கிவிடக் கூடியது. ரிஸ்பெரிடோனும் ரோபினிரோலும் இதே கதை, ஒன்று டோபமைனைத் தடுக்கும், மற்றது தூண்டும். அதனால் முழுப் பெயர், பெரிய எழுத்து, பக்கத்தில் எதற்கு என்று ஒரு சொல்: "வலிப்புக்கு", "தூக்கத்துக்கு". அந்த ஒரு சொல் இருந்தால் மருந்தாளுநர் உங்கள் தவறைப் பிடித்துவிடுவார்.

அரை மில்லிகிராமை 0.5 என்று எழுதுங்கள். முன்னால் சுழியம் இல்லாத புள்ளி ஜெராக்ஸில் மறைந்து 5 ஆகிவிடும். அதேபோல் 5 என்பதை 5.0 என்று எழுதினால் 50 ஆகும். ஹாலோபெரிடாலில் இந்தத் தவறு நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1-0-1 என்பது நமக்குப் புரியும். படிக்காத அம்மாவுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். மெதுவாகக் கரையும் வால்ப்ரோயேட் மாத்திரையை நசுக்கக் கூடாது, பொடித்துப் பாலில் கலக்கக் கூடாது என்று சொல்லுங்கள். குழந்தைக்கு விழுங்க வரவில்லை என்று அம்மாக்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

## 6. மாத்திரை யார் கையில் இருக்கும்?

சீட்டு எழுதி முடித்ததும் நோயாளியைப் பார்க்காதீர்கள், கூட வந்தவரைப் பாருங்கள். சாக நினைப்பு இருப்பவருக்கு அமிட்ரிப்டிலின் ஒரு மாதத்துக்குக் கொடுத்தால், அது அவரைக் கொல்லப் போதுமானது. அப்படிப்பட்டவருக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். அட்டை வீட்டாரின் பெட்டியில், பூட்டில். தினமும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரட்டும். பூச்சி மருந்து டப்பாவை அன்றே பக்கத்து வீட்டுக்கோ வயல் கொட்டகைக்கோ மாற்றச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும், 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். ராத்திரி 2 மணிக்கு நீங்கள் ஓபியில் இருக்கப் போவதில்லை.

வலிப்பு நோயாளி என்றால் இந்தப் பேச்சில் தண்ணீரும் வர வேண்டும். வாய்க்கால், குளம், ஆறு என்று சுற்றிலும் தண்ணீர் உள்ள ஊர் இது. தனியாகக் குளிக்க இறங்கக் கூடாது, வாளியில் மொண்டு குளிக்க வேண்டும், குளியலறைத் தாழ்ப்பாள் போடக் கூடாது. டிராக்டர், அறுவடை இயந்திரம் ஓட்டக் கூடாது. விறகடுப்புப் பக்கம் தனியாக உட்காரக் கூடாது. திருவிழாவில் விடிய விடியக் கண் விழித்தால் வலிப்பு வரும் என்பதையும் சொல்லுங்கள். மாத்திரையைச் சரியாகப் போட்டும் காப்புக்கட்டிய வாரத்தில் வலிப்பு வந்து வருபவர்கள் உண்டு.

## 7. முதல் இரண்டு வாரம்

மனச்சோர்வு மாத்திரைக்குப் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். பக்கவிளைவோ முதல் நாளே வந்துவிடும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் நான்காம் நாள் நிறுத்திவிடுவார்கள், தப்புச் சொல்ல முடியாது. குமட்டல், தலைவலி ஒரு வாரத்தில் அடங்கும் என்று சொல்லுங்கள். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் வாரங்களில் பரபரப்பும் தற்கொலை எண்ணமும் கூடக்கூடும், ஆகவே ஒரே வாரத்தில் திரும்ப வரச் சொல்லுங்கள்.

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் ஆரம்பித்த இளைஞருக்கு முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு தடிக்கும். முன்னமே சொல்லாவிட்டால் வீட்டார் சாமி வந்துவிட்டது என்று விபூதி போடக் கூட்டிப்போவார்கள். ஒரு பையனை அப்படி மூன்று மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தார்கள், தாடை பூட்டிக் கண்ணில் நீர் வழிய. புரோமெத்தசின் 25 மில்லிகிராம் தசையில் போட்டோம். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அவனை முதலில் பார்த்தபோது அரை நிமிடம் செலவழித்துச் சொல்லியிருக்க வேண்டியது என் வேலை.

இதைத் தடுக்க எல்லோருக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் சேர்த்து எழுதி அப்படியே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது அடுத்த தவறு. அது மறதியைக் கூட்டும், மலத்தை இறுக்கும், போதைக்காகக் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. மூன்று மாதம் ஆனதும் மெதுவாகக் குறைத்துப் பாருங்கள். பலருக்குத் தேவைப்படாது.

காய்ச்சல், உடம்பு விறைப்பு, குழப்பம், வியர்வை சேர்ந்து வந்தால் அது மனநோய் மாத்திரையால் வரும் கொடிய நோய்க்குறி (NMS). டெல்டாவில் காய்ச்சலோடு வருபவருக்கு எலிக்காய்ச்சல், டெங்கு என்றுதான் முதலில் தோன்றும். கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். ஈயக்குழாயை வளைப்பது போலிருந்தால் மனநோய் மாத்திரையை உடனே நிறுத்தி, குளிர்வித்து, நரம்பில் திரவம் ஏற்றிக்கொண்டே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

## 8. கையைச் சுடும் ஆறு மருந்துகள்

லித்தியம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தொடர் சிகிச்சையில் ரத்த அளவு 0.6 முதல் 1.0 வரை. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு.

உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை விடாமல் பிடித்து வைக்கும். லித்தியத்தையும் சோடியம் என்றே நினைத்துச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இது ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கத்திரி வெயிலில் கதிரறுப்பு, வேதாரண்யம் உப்பளத்தில் நாள் முழுக்க வேலை, எல்லாமே லித்தியத்தை ஏற்றும். பிரஷருக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் ஏற்றும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் ஏற்றும். "உப்பைக் குறைங்க" என்று பக்கத்து அறையில் சொல்லும் அறிவுரைகூட ஏற்றும். பிரஷருக்கு அம்லோடிபின், வலிக்குப் பாரசிட்டமால் என்று சீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதுங்கள்.

நான் எழுதாமல் விட்ட ஒருவர் சம்பா அறுவடை முடிந்து வந்தார். நாக்கு குழறியது, கை பெரிதாக நடுங்கியது, தள்ளாடி நடந்தார். வரிசையில் நின்றவர்கள் "தண்ணி போட்டுட்டு வந்துருக்கான்" என்று ஒதுங்கினார்கள். மூட்டு வலிக்கு வேறோர் இடத்தில் பத்து நாள் டைக்ளோஃபெனாக் வாங்கியிருந்தார். லித்தியம் 2-க்கு மேல் இருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அன்றிலிருந்து சிவப்புப் பேனா இல்லாமல் நான் ஓபிக்குப் போவதில்லை.

ரத்தம் எடுக்கும் நேரம் கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் கணக்கு பொய். அளவு மாற்றினால் 5 முதல் 7 நாள் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், லித்தியம் ஹெப்பாரின் உள்ள குழாயில் ரத்தம் எடுத்துவிட்டு அளவு ஏறிவிட்டது என்று பதறுவதும் நடக்கிறது. எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்று ஆய்வகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வால்ப்ரோயேட். கர்ப்பத்தில் எடுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறை. பத்துக் குழந்தைகளில் மூன்று, நான்குக்குப் பேச்சு, அறிவு வளர்ச்சியில் தாமதம். இளம்பெண்ணுக்கு இதை முதல் மருந்தாக எழுதாதீர்கள். வலிப்பின் வகையைப் பார்த்து லெவெடிராசெட்டமோ லாமோட்ரிஜினோ எழுதலாம். ஏற்கெனவே சாப்பிடும் பெண்ணுக்கு நீங்களாக நிறுத்தவும் கூடாது, வலிப்பு தொடர்ந்து வந்தால் தாயும் சேயும் சேர்ந்து போகும். மாற்றும் வேலை நிபுணருடையது, கர்ப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டியது. ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

இங்கே ஊர் நடப்பு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தை பிறந்தால் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் கட்டிக்கொடுத்துவிட்டு, மாத்திரையையும் அங்கே கொண்டுபோகாதே என்று அனுப்பிவிடுவார்கள். பத்தாம் நாள் வலிப்பில் வந்து சேருவாள். ஐப்பசி, கார்த்திகையிலேயே அம்மாவிடம் "வரன் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். மருந்து மாற்ற அப்போதுதான் நேரம் இருக்கும்.

ஃபெனிடாயின். 300-இல் வலிப்பு நிற்கவில்லை என்று 400 ஆக்குவார்கள். கல்லீரல் இதை ஓரளவுக்கு மேல் கையாள முடியாது. வாய்க்கால் நிரம்பிய பிறகு மதகைக் கொஞ்சம் தூக்கினாலும் வயலில் வெள்ளம் வருவது போலத்தான், சின்ன ஏற்றத்துக்குப் பெரிய விளைவு. கண் ஆடும், நடை தள்ளாடும். 25 அல்லது 50 மில்லிகிராம் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஈறு வீங்குவதையும் பாருங்கள்.

கார்பமசபின், லாமோட்ரிஜின். இரண்டுக்கும் பயம் தோலில். முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தடிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வர வேண்டும், "அம்மையா இருக்கும்" என்று வேப்பிலை வைத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. லாமோட்ரிஜின் 25-இல் இரண்டு வாரம், 50-இல் இரண்டு வாரம். வால்ப்ரோயேட் கூட இருந்தால் ஒன்றுவிட்டொரு நாள் 25-இல் தொடங்க வேண்டும், ஏனென்றால் அது லாமோட்ரிஜினை உடம்பில் தேக்கும். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. கார்பமசபின் கர்ப்பத்தடை மாத்திரையைச் செயலிழக்கச் செய்யும் என்பதைக் குடும்பநல நர்ஸிடமும் சொல்லிவையுங்கள்.

குளோசபின். மற்ற மருந்துக்குக் கேட்காத மனச்சிதைவுக்கு நிபுணர் தருவது. நீங்கள் ஆரம்பிக்க மாட்டீர்கள், தொடர்வீர்கள். முதல் 18 வாரம் வாரந்தோறும் வெள்ளணு எண்ணிக்கை, அப்புறமும் ஒழுங்காக. தொண்டை வலியோடு காய்ச்சல் என்றால் அன்றே ரத்தம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடராமல் 12.5-இல் மீண்டும் தொடங்க வேண்டும். மலச்சிக்கலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். இந்த மருந்தில் குடல் செயலிழந்து இறந்தவர்கள் உண்டு.

## 9. ஊர் நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள்

கார்த்திகையில் மாலை போடுவார்கள். அன்றோடு பீடியும் குடியும் நிற்கும். நல்ல விஷயம்தான், ஆனால் பீடிப் புகை குளோசபினையும் ஓலான்சபினையும் கல்லீரலில் வேகமாகக் கரைக்க வைக்கும். புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் ஏறி, சாமி பகலெல்லாம் தூங்கி விழுவார், எச்சில் ஒழுகும், வலிப்புகூட வரலாம். தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும். ஐப்பசியிலேயே "இந்த வருஷம் மாலை போடுறீங்களா?" என்று கேளுங்கள்.

ஆவணியில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை. லித்தியம் சாப்பிடுபவர் நடந்துதான் போவேன் என்றால் உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் வழி நெடுக. ரமலான் நோன்பில் நாகூர்ப் பக்கத்து வலிப்பு நோயாளிகளுக்கு, மருந்து இடம் கொடுத்தால், சஹருக்கும் இஃப்தாருக்கும் அளவைப் பிரிக்கலாம். லித்தியம் என்றால் நோன்புக்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும்.

மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைக்கப்போகிறோம் என்பார்கள். தடுக்காதீர்கள், தடுத்தால் சொல்லாமல் போவார்கள், மாத்திரையும் வீட்டில் கிடக்கும். 48 நாளுக்குரிய மாத்திரையைக் கொடுத்து, தீர்த்தத்தோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

## 10. மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் நாள்

தவறு அதிகம் நடப்பது இந்த நாளில்தான். "பழைய மாத்திரையே" என்று கேட்பார்கள், நாமும் அப்படியே எழுதுவோம். பாதிப் பேருக்கு மகனோ மருமகளோ வந்து வாங்கிப் போவார்கள், நோயாளியைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆளைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

வந்தால் இவ்வளவு போதும்: அட்டையில் எத்தனை மிச்சம், எடை, கையை நீட்டச் சொல்லி நடுக்கம், நாலு அடி நடை, புதிதாக ஏதாவது மாத்திரை. டிபி மாத்திரை ஆரம்பித்திருந்தால் கூர்ந்து பாருங்கள். ஐசோனியசிட் ஃபெனிடாயினையும் கார்பமசபினையும் ஏற்றும், ரிஃபாம்பிசின் பல மருந்துகளை இறக்கும். எஸ்சிட்டாலோப்ராம் சாப்பிடுபவருக்கு யாராவது வலிக்கு டிராமடால் கொடுத்தார்களா? முதியவர் புதிதாகக் குழம்பிப் பேசுகிறாரா? சோடியம் பாருங்கள். எஸ்சிட்டாலோப்ராமோடு பிரஷருக்குத் தயசைடும் இருந்தால் அது இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணுவதைச் சந்தேகப்படுவது போல் கேட்காதீர்கள். "மழையில பஸ் வராம இருந்துச்சே, ரெண்டு மூணு நாள் விட்டுப் போயிருக்குமே?" என்று நீங்களே வழி விடுங்கள், உண்மை வரும். வடகிழக்குப் பருவமழையில் ஊர் துண்டிக்கப்படும் என்று தெரிந்த இடங்களுக்கு ஐப்பசியிலேயே இரண்டு வார மாத்திரை கூடுதலாகக் கொடுத்துவைப்பது நல்லது, தற்கொலை எண்ணம் இல்லாதவர்களுக்கு.

## 11. நிறுத்துவது

வலிப்பு மாத்திரையை இரண்டு ஆண்டாவது வலிப்பே வராமல் இருந்த பிறகு, நிபுணரைக் கேட்டு, மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். மனச்சோர்வு முதல் முறை வந்தவர் குணமானபின் குறைந்தது 6 மாதம் அதே அளவில் தொடர்ந்து, அப்புறம் வாரக்கணக்கில் இறக்க வேண்டும். அல்ப்ரசோலத்தை ஆண்டுக்கணக்கில் போட்டவருக்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கால் பங்கு குறையுங்கள். திடீரென்று பிடுங்கினால் வலிப்பு வரும். லெவோடோபாவையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு படுக்க வைத்தவருக்குக்கூட அதைத் தொடர வழி கேளுங்கள்.

குறைக்கும் அட்டவணையைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, ஒன்றை நோயாளியிடமும் ஒன்றைக் கிராம சுகாதார செவிலியரிடமும் கொடுத்துவிடுவேன். அவர்தான் அந்தத் தெருவில் நடப்பவர். மூன்றாம் வாரம் "டாக்டர், அந்தத் தாத்தா ராத்திரி தூங்கலையாம், பழைய மாத்திரையத் திரும்ப எடுத்துட்டாராம்" என்று போன் வரும். அப்போது அட்டவணையை ஒரு படி பின்னால் போட்டு, இன்னும் மெதுவாக ஆரம்பிப்பேன்.